இறங்குகிறவனின் சாவி

என் வீட்டுக்காரர் வேறொருவருடைய துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இடது கையை வாழைமட்டையில் வைத்துக் கட்டியபடி கடைவாசலில் வந்து இறங்கிய அன்றுதான், நான் செய்து விற்ற பெட்டி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை அந்தப் பெட்டியை நினைத்து எனக்குப் பெருமைதான்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவள், எரிந்த செம்புக் கம்பியைப் பிரித்துப் புதிதாகச் சுற்றுகிற வேலை. உத்தமபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. 1996இல் கல்யாணமாகி வந்தபோது அவர் மட்டும்தான் மெக்கானிக். எரிந்துபோன மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வருவார், காயில் கட்ட தேனிக்கு அனுப்புவார், அது திரும்பி வருவதற்குள் பயிர் வாடிவிடும். இரண்டு மாதம் பார்த்தேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவள் எதற்காக வேடிக்கை பார்க்க வேண்டும் என்று நானே உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தேன். "பொம்பள கட்டுன காயிலு, பொசுக்குனு போயிரும்" என்றார்கள். போகவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். கிணற்றில் இறங்குவது அவர் வேலை, கடையில் உட்காருவது என் வேலை என்று ஆனது.

எங்கள் பக்கம் பாதிக்குப் பாதி பங்குக் கிணறு. அப்பன் வெட்டியது ஒரு கிணறு, பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், ஆளுக்கொரு மோட்டார். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் கல்மேடை ஒன்று இருக்கும். மோட்டார்கள் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே ஆளுக்கொரு கொட்டகை, அதில் ஸ்டார்ட்டர். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் இருக்காது. வரப்பு, வாய்க்கால், கல்யாணத்தில் யாரை முதலில் கூப்பிட்டார்கள், ஏதாவது ஒன்று. ஆனாலும் ஒரு வழக்கத்தை எவனும் விட்டதில்லை. பச்சைப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் கிணற்றை எட்டிப் பார்த்து ஒரு சத்தம் கொடுப்பார்கள்.

"கிணத்துல ஆளூ... மோட்டாரு போடுறேன்..."

பதில் வருகிறதா என்று கொஞ்சம் நின்று கேட்பார்கள். உள்ளே குழாயின் அடியில் ஃபுட்வால்வு மாற்றுகிறவன் இருக்கலாம், தூர் வாருகிறவன் இருக்கலாம், எவனாவது குளித்துக்கொண்டும் இருக்கலாம். "உள்ள எவனாச்சும் கெடந்தா சொல்லித் தொலைங்கடா" என்று கத்துகிறவர்களும் உண்டு. தம்பியோடு பத்து வருடம் பேசாத அண்ணன்கூடக் கிணற்றுக்குள் இருக்கும் தம்பியிடம் அந்த ஒரு வாக்கியம் பேசியாக வேண்டும். யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தாலும் கத்துவார்கள். சின்ன வயதிலிருந்து கத்திக் கத்தி அது அவர்கள் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. இதை எல்லாம் அப்போது நான் யோசித்ததில்லை. மூச்சு விடுவதை யார் யோசிக்கிறார்கள்?

2008இல் எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாத காலம் அது. கரண்ட் வந்ததும் தோட்டத்துக்கு ஓட வேண்டும். ஓடிப்போய்ச் சேர்வதற்குள் போய்விடும். "செல்லு அடிச்சா மோட்டாரு ஓடுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். எனக்குச் சவால் விட்டால் தூக்கம் வராது. பழைய செல்போன் ஒன்றைப் பிரித்தேன். ரிங் வந்தால் உள்ளே அதிரும் மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரை வெளியே இழுத்து, கரண்ட் வந்தால் தானாகத் தட்டும் ரிலே சுவிட்சில் கொடுத்து, ரிலேயை ஸ்டார்ட்டரில் கோத்தேன். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும், இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தால் நிற்கும். காலுக்குக் காசும் போகாது. ராயப்பன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் முதல் பெட்டியை மாட்டினேன். மாட்டிய வாரமே செல்போன் கம்பெனிக்காரன் பாட்டு வைக்கச் சொல்லி விளம்பரக் கால் போட, பட்டப்பகலில் மோட்டார் தானாக ஓடிப் பக்கத்துத் தோட்டமெல்லாம் தண்ணீர்.

"மதினி, கம்பெனிக்காரனே நம்ம திராட்சைக்குத் தண்ணி பாச்சுறான்" என்று தோட்டக்காரர் வந்து சொன்னார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை. தானாக ஓடும் மோட்டார் சிரிக்கிற விஷயமா? முதலாளியின் நம்பருக்கு மட்டும் போன் அதிரும்படி மாற்றினேன். பிரச்சனை தீர்ந்தது என்று அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன். மொத்தம் பதினோரு பெட்டி மாட்டினேன். தேனியில் மோட்டார் கடை வைத்திருந்த ஒருவர் தேடி வந்து, "தங்கச்சி, அம்பது பெட்டி ஒண்ணா செஞ்சு குடு, மாவட்டம் பூராம் நான் விக்கிறேன்" என்றார். தலை கால் புரியவில்லை எனக்கு.

அந்த வாரத்தில்தான் இவர் துண்டோடு வந்து இறங்கினார்.

"என்ன மாமா இது?"

"ஒண்ணுமில்ல. மோட்டாரு லுங்கியக் கேட்டுச்சு, குடுத்துட்டேன்."

அழைத்து வந்தவர் ராயப்பன்பட்டிப் பங்குக் கிணறு ஒன்றின் தம்பிக்காரர். அவருடைய மோட்டாரைச் சரிசெய்யத்தான் இவர் இறங்கியிருந்தார். தம்பிக்காரர்தான் சொன்னார். "எங்க பீஸ் கட்டையப் புடுங்கிட்டுத்தான் எறங்குனாக மதினி. எங்க மோட்டாரு ஓடல. பக்கத்துல அண்ணன் மோட்டாரு ஓடிருச்சு. லுங்கிய இழுத்துச் சுத்திருச்சு. கைய ஊண்டுனாக, வெரலு சிக்கிருச்சு. லுங்கி கிழிஞ்சதால தண்ணிக்குள்ள விழுந்து தப்பிச்சாக."

"உங்க அண்ணன் வந்து சத்தம் குடுக்கலையா?"

"அவக வரவே இல்லையே. கம்பத்துல கல்யாண வீட்டுல இருக்காக."

அந்த அண்ணன் கொட்டகையில் இருந்தது நான் மாட்டிய பெட்டி, எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பிறகு விசாரித்ததும் அதேதான். பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். கரண்ட் வந்துவிட்டது என்று யாரோ சொல்கிறார்கள். வலது கை இலையில் இருக்கிறது. இடது கையால் ஒரு மிஸ்டு கால். அவ்வளவுதான். அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லாததால் ஆள் இறங்கப்போகிறான் என்று தம்பி சொல்லி அனுப்பவில்லை. முன்னால் சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை, அண்ணன் எப்படியும் வந்து கத்துவார். அண்ணனுடைய பீஸ் கட்டையையும் பிடுங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. செல்போனை எவனாவது திருடிவிடுவான் என்று பூட்டு வைத்துச் செய்தது நான். போனுக்குப் பாதுகாப்பு யோசித்தேன். ஆளுக்கு யோசிக்கவில்லை.

இவருக்கு இரண்டு விரல் இன்றுவரை மடங்காது. உயிர் போயிருக்க வேண்டியது. மயிரிழை என்றெல்லாம் சொல்லமாட்டேன், கிழிந்த லுங்கி. புது லுங்கி கட்டியிருந்தால் ஆள் இல்லை.

அந்த அண்ணன் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். முடியவில்லை. எனக்கு அவரை நன்றாகத் தெரியும். கிணற்று மேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற ஆள். பதில் வராவிட்டாலும் ஒரு பீடி பற்றவைத்து, அது எரிகிற வரை நின்றுவிட்டு, இன்னொரு தரம் கத்திவிட்டுத்தான் போடுவார். அப்படிப்பட்டவரை எட்டிப் பார்க்காமல், காது கொடுக்காமல், சோற்றில் கை வைத்தபடி மோட்டாரைப் போடுகிறவராக ஆக்கியது யார்? நான் செய்த பெட்டி. அது அவருடைய நடையை மட்டும் மிச்சப்படுத்தவில்லை. அவருடைய நிதானத்தை, அடுத்தவன் உயிர் மேல் இருந்த அக்கறையைப் பிடுங்கி எறிந்துவிட்டது. இருபது வருடமாகத் தினமும் செய்து செய்து வந்த குணம், ஒரே மாதத்தில் போய்விட்டது. குணம் என்பது புத்தகத்தில் படித்து வருவது இல்லை. தினமும் கால் நடந்து, கண் எட்டிப் பார்த்து, வாய் கத்தி வருவது. நடக்க வேண்டாம், பார்க்க வேண்டாம், கத்த வேண்டாம் என்று ஒரு சாமானைச் செய்து கொடுத்தால் அது எங்கே தங்கும்?

செய்தவளின் குணத்தையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அவசரம். பொம்பளை செய்தாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற திமிர். அந்த அவசரத்தைத்தான் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடி, பதினோரு கிணற்றில் மாட்டியிருக்கிறேன். பெட்டி என்னைப்போலவே இருந்தது. அதனால் பெட்டியை மட்டும் திருத்தினால் போதாது என்று பட்டது.

மறுநாள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பதினொன்றையும் கழற்றிவிடுவது என்று முடிவு.

முதலில் போனது உத்தமபாளையத்திலேயே ஒரு ராவுத்தர் வீட்டு அக்காவிடம். கணவர் ஏலக்காய் வியாபாரத்துக்கு மலை ஏறிவிடுவார். வாழை, தென்னை இரண்டையும் இந்த அக்காதான் பார்க்கிறாள். இரண்டு முழங்காலும் வீக்கம். விஷயத்தைச் சொல்லி, "பெட்டியக் கழட்டுறேன்க்கா" என்றேன்.

"கழட்டு. கழட்டிட்டு தெனம் நீயே நடந்து வந்து மோட்டாரப் போட்டுட்டுப் போ."

"ஆளு செத்துருமேக்கா."

"ஆளு சாகக் கூடாதுன்னு நீ ஒழுங்காச் செய்யணும். என் காலு என்னத்துக்கு நடக்கணும்? ஒண்ணரை மைலு ஏத்தா, ஒரு பக்கத்துக்கு. என்னையப் பெத்த அத்தா இருந்தா உன்னைய நல்லாக் கேப்பாக. தப்பா மாவாட்டுனா கிரைண்டரத் தூக்கிப்போட்டுட்டு எல்லாரையும் ஆட்டுக்கல்லுல உக்காரச் சொல்லுவியா?"

கோபம் வந்தது. திரும்பி நடந்தேன். பாதி வழியில் அவள் சொன்னது சரி என்று பட்டு, இன்னும் கோபம் வந்தது. கழற்றிவிடுவது என்பதும் என் அவசரம்தான். செய்யும்போது அவசரம், பயந்த பிறகும் அவசரம்.

வீட்டில் இவர் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தார். "மாமா, கிணத்துக்குள்ள இருக்கும்போது உங்க கையில என்ன இருந்தா பயமில்லாம வேல பாப்பீக?" என்று கேட்டேன்.

"புது லுங்கி."

"விளையாடாதீக."

யோசித்தார். "மேல எவனும் போட முடியாதுங்கிறது என் கையில இருக்கணும். அவன் நல்லவனா, மறந்துட்டானான்னு எனக்கு எதுக்கு? நான் ஏறி வந்து போடுன்னா போடணும்."

அதைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. பெட்டியின் வெளியே, கிணற்றைப் பார்த்த பக்கத்தில் ஒரு சாவி வைத்தேன். சிவப்புக் கயிற்றில் கட்டிய சாவி. இறங்குகிறவன் அதைப் பிடுங்கி அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு இறங்க வேண்டும். சாவி பெட்டியில் இல்லாவிட்டால் எந்த நம்பரிலிருந்து யார் அடித்தாலும் மோட்டார் ஓடாது. அந்தக் கிணற்றில் எத்தனை பேருடைய மோட்டார் இருந்தாலும் அத்தனையும் அந்த ஒரே சாவியில். மாற்றுச் சாவி கிடையாது. முதலாளிக்கும் கிடையாது. சாவி பெட்டியில் இருந்தாலும் மிஸ்டு கால் வந்ததும் மோட்டார் உடனே ஓடாது. கிணற்றுக்குள் தொங்கும் ஹாரன் ஒரு நிமிடம் கதறும். பிறகுதான் ஓடும். ஹாரன் கதறுவது அடித்தவனின் காதுக்கும் போனில் கேட்கும்படி செய்தேன். ஒரு நிமிடம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் வைத்துவிட்டால் மோட்டாரும் ஓடாது. மிஸ்டு கால் போய், காசு போகிற கால் ஆகிவிட்டது. ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். கிணற்றுக்கு ஒரு நிமிடம் காது கொடுக்காதவனுக்குத் தண்ணீர் வேண்டாம்.

தேனிக் கடைக்காரர் வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"சாவியத் தூக்கிரு தங்கச்சி. ஊளச் சத்தத்தையும் தூக்கிரு. விவசாயி கேக்குறது தண்ணி. நீ என்னடான்னா பள்ளிக்கூடம் நடத்துற."

"தூக்க முடியாதுண்ணே."

"சாவி வேணும்னு சட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்? எங்கயாச்சும் ஒண்ணு ரெண்டு நடக்கும். பஸ்ஸுலகூடத்தான் நடக்குது."

"அந்த ஒண்ணு உள்ள படுத்திருக்கு. போயி அவகள்ட்டச் சொல்லுங்க."

அவர் உள்ளே போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "உனக்குத் தொழில் தெரியும், பொழைக்கத் தெரியல" என்றார். சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்பதும், எத்தனை பேருக்கு நடக்கும் என்று கேட்பதும் எனக்குப் பதிலாகவே படவில்லை. இதைச் செய்தால் நான் எப்படிப்பட்ட ஆள், இதை வாங்குகிறவன் நாளைக்கு எப்படிப்பட்ட ஆளாவான் என்பதுதான் எனக்குக் கேள்வி. ஐம்பது பெட்டி போனது. அவர் வேறு ஊரில் யாரையோ பிடித்துச் சாவி இல்லாத பெட்டி செய்து விற்க ஆரம்பித்தார். நன்றாக விற்றது என்றும் சொன்னார்கள்.

என் பதினொன்றை மாற்றும் வேலையைத் தொடங்கினேன். ராவுத்தர் வீட்டு அக்கா பெட்டியைப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருந்தா உன் புருசன் கை நல்லா இருக்கும்ல" என்று சொல்லி டீ கொடுத்தாள். மற்றவர்கள் முனகினார்கள், திட்டினார்கள், மாட்டிக்கொண்டார்கள். பத்தும் முடிந்தது. மிச்சம் இருந்தது ராயப்பன்பட்டி அண்ணன் மட்டும். விபத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியை அவர் தொடவில்லை, கழற்றவும் இல்லை, எங்கள் வீட்டுப் பக்கம் வரவும் இல்லை. தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நின்றார்கள். நடுவில் கிணறு.

"ஒரே சாவிதான். ரெண்டு மோட்டாரும் அதுலதான்" என்றேன்.

"அவக ஆளு சாவிய எடுத்தா என் மோட்டாரு எதுக்கு நிக்கணும்னு கேளுங்க மதினி" என்றார் தம்பி, மூன்றடி தள்ளி நிற்கும் அண்ணனைக் காட்டி.

"அவன் ஆளு சாவிய மடியில வச்சுக்கிட்டுக் கம்பம் சந்தைக்குப் போயிட்டா என் திராட்சை காயுமே, அதுக்கு என்னன்னு அவன்கிட்டக் கேளுங்க" என்றார் அண்ணன்.

"நான் என்ன உங்களுக்குப் போஸ்ட்மேனா? ஆளப் பாத்துப் பேசுங்க. இல்லாட்டி இங்கனயே உக்காந்துருவேன்."

உட்கார்ந்தேன். கிணற்று மேட்டில், வெயிலில். தம்பி ஒரு தென்னை மட்டையைக் கொண்டுவந்து போட்டார், நான் அதில் உட்காரவில்லை. அரை மணி நேரம் போனது. கடைசியில் அண்ணன்தான் என்னிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"இருபது வருசம் மதினி. சத்தம் குடுக்காம ஒரு நாளும் போட்டதில்ல. சாமி சத்தியமா."

"தெரியும்ணே. அதனாலதான் வந்திருக்கேன்."

"அவகளப் பாக்க வரணும்னு நெனச்சேன். என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"மூஞ்சி எனக்கு மட்டும் இருக்கா? பெட்டி நான் செஞ்சது. அழிச்சுட்டுச் செஞ்சிருக்கேன். மாட்டலாமா, வேணாமா?"

அவர் தம்பியைப் பார்த்தார். "சந்தைக்குப் போறவன் சாவியக் குடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று நேராக அவரிடமே சொன்னார். தம்பி, "சொல்றேன்" என்றார். கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. வயரை மட்டும் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்துக் கொடுத்தார்கள்.

தொல்லை இல்லாமல் போகவில்லை. அதே கிணற்றில் தூர் வாரிய ஒருவர் சாவியோடு ஊருக்கே போய்விட்டார். இரண்டு நாள் தண்ணீர் இல்லை. அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப்போய் வாங்கி வந்தார். வழியில் கடைக்கு வந்து என்னை ஒரு மூச்சுத் திட்டினார். திட்டட்டும். இரண்டு நாளில் திராட்சை சாகாது. ஒருவனைத் தேடிப் போய், கூலிக்காரன்தானே என்று பார்க்காமல், "ஏறிட்டியாப்பா, வேல முடிஞ்சதா, சாவியக் குடு" என்று முதலாளி கேட்டு வாங்கியிருக்கிறார். கத்துவதை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. இதையாவது கொண்டுவந்தேன்.

2010இல் தேவதானப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தேனிக் கடைக்காரர் விற்ற பெட்டி, சாவி இல்லாதது, ரிலே எரிந்துபோனது. ரிலேயை மாற்றினேன். பிறகு டிரில்லை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தேன்.

"ஏம்மா ஏய், ரிப்பேருக்குக் குடுத்தா ஓட்ட போடுற?"

"சாவி வைக்கணும். ஹாரனும்."

"நான் கேட்டனா?"

"கேக்கல. என் கைபட்ட பெட்டி சாவி இல்லாம வெளிய போகாது. வேண்டாம்னா பழைய ரிலேயவே மாட்டித் தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

"பெரிய நாட்டாம. எனக்கு எதுக்குச் சாவி?"

"உங்களுக்கு இல்லண்ணே. எறங்குறவனுக்கு."

அவர் பழைய ரிலேயோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னும் இரண்டு கடையில் கேட்டிருப்பார் போல, யாரும் அதில் கை வைக்கவில்லை. வெயில் தாழ்வதற்கு முன்னால் திரும்பி வந்து பெட்டியை என் மேஜையில் தொப்பென்று வைத்தார். வாயில் என்னென்னவோ வந்தது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கேட்டபடியே துளை போட்டேன்.